போர்த்துகீசியம் உயர்கல்வியான வரலாறு

பதினாறாம் நூற்றாண்டிலேயே பிரேசிலின் கடற்கரை தொடங்கி மக்காவ் வரை ஆட்சிக்கும் வணிகத்துக்கும் மறைபரப்புக்கும் பயன்பட்ட போர்த்துகீசிய மொழியையும் அதன் இலக்கியத்தையும் உயர்நிலையில் கற்பிப்பதற்கென அதன் தாய்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் தனிப்புலம் ஒன்று அமைந்தது 1911ஆம் ஆண்டில்தான். ஓர் அரசு தன் மொழியைக் கடல் கடந்து பரப்புவது ஒரு வேலை. கல்வியுலகம் அம்மொழியை ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்றுக்கொள்வது முற்றிலும் வேறான வேலை. போர்த்துகீசியத்தின் வரலாற்றில் இந்த இரண்டாவது வேலையைச் செய்து முடித்தவர்களுள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாயிலுக்கு வெளியே நின்றவர்கள். படிப்பை இடையில் விட்டவர், மருத்துவம் பயின்றவர், பெண் என்பதாலேயே வகுப்பறைக்குள் இடம் பெறாதவர், கோவாவிலிருந்து சென்ற பாதிரியார், பட்டமே பெறாத படை அலுவலர் எனப் பலதிறப்பட்ட அவர்களின் உழைப்பே இன்று பல நாடுகளில் முதுகலையாகவும் முனைவர் பட்ட ஆய்வாகவும் நிலைபெற்றிருக்கும் இக்கல்வியின் அடித்தளம்.

போர்த்துகலின் முதல் பல்கலைக்கழகத்தை 1290இல் லிஸ்பனில் நிறுவியவர் தினிஷ் மன்னர். 1308இல் கொயிம்ப்ரா நகருக்கு மாற்றப்பட்ட அந்நிறுவனம், இரு நகரங்களுக்கும் இடையே பலமுறை இடம்பெயர்ந்து, 1537இல் மூன்றாம் ஜுவாவ் மன்னர் காலத்தில் கொயிம்ப்ராவிலேயே நிலைகொண்டது. தினிஷ் மன்னர் தாமே பெரும் புலவர்; அவர் இயற்றியவையாக 137 பாடல்கள் கிடைத்துள்ளன. அரசு ஆவணங்களில் இலத்தீனை விலக்கி நாட்டு மொழியைப் பெரிதும் வழக்கிற்குக் கொண்டு வந்தவரும் அவரே. ஆனால் அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தில் சட்டம், மருத்துவம், தருக்கம், இலக்கணம் அனைத்தும் இலத்தீனிலேயே கற்பிக்கப்பட்டன. 'இலக்கணம்' என்ற சொல்லே அக்காலத்தில் இலத்தீன் இலக்கணத்தை மட்டும் குறித்தது. ஐரோப்பா முழுவதும் அன்று இதுவே நடைமுறையாக இருந்தமையால் போர்த்துகலை மட்டும் தனித்துக் குறைகூற இடமில்லை. எனினும் ஒரு புலவர் நிறுவிய கல்விச்சாலையில் அவருடைய பாடல்களின் மொழி நுழைவதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று என்பது இவ்வரலாற்றைப் பயில்வோர் கடந்து செல்ல முடியாத உண்மை.

போர்த்துகீசியத்துக்கு இலக்கண நூல் எழுதும் முயற்சி பல்கலைக்கழகத்துக்கு வெளியே தோன்றியது. ஃபெர்னாவ் த ஒலிவேரா 1536இல் வெளியிட்ட நூலே இம்மொழியின் முதல் அச்சிட்ட இலக்கணம். ஒலிகளை நுட்பமாக விவரிப்பதில் அது இன்றும் வியப்பூட்டும். அதனைத் தொடர்ந்து, ஆசியாவில் போர்த்துகீசியரின் செயல்களைப் பெருநூலாக எழுதிப் புகழ்பெற்ற ஜுவாவ் த பர்ரோஸ், 1539இல் எழுத்தறிவு நூல் ஒன்றையும் 1540இல் இலக்கணம் ஒன்றையும் வெளியிட்டார். பர்ரோஸின் இலக்கணம் தமிழ் மண்ணோடும் தொடர்புடையது. கொயிம்ப்ராவில் திருச்சபைச் சட்டம் பயின்று 1546இல் இந்தியாவுக்கு வந்து, முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர் நடுவே பணியாற்றிய அண்டிரீக்கி அடிகளார் என்னும் என்றிக்கே என்றீக்கஸ், 1549ஆம் ஆண்டளவில் தமிழுக்குப் போர்த்துகீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். அந்நூலைப் பயன்படுத்த இலத்தீன் இலக்கண அறிவு வேண்டும் என்றும், இலத்தீன் அறியாதவர் பர்ரோஸின் போர்த்துகீசிய இலக்கணத்தைப் படித்துக்கொள்ள வேண்டும் என்றும் அவர் அதில் கூறுகிறார். தாய்நாட்டுப் பல்கலைக்கழகம் பாடநூலாகக் கொள்ளாத ஒரு தாய்மொழி இலக்கணம், வெளிவந்து பத்தாண்டுகளுக்குள் மன்னார் வளைகுடாக் கரையில் வேற்றுமொழி கற்பதற்கான படிக்கட்டாகியது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' இதே அடிகளாரின் மொழிபெயர்ப்பு. 1679இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாவ் த ப்ரொயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியும் இந்த மரபின் தொடர்ச்சியே.

தாய்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. 1555 முதல் கொயிம்ப்ராவின் கலைக் கல்லூரியும், 1559இல் தோன்றிய எவோரா பல்கலைக்கழகமும் இயேசு சபையாரின் பொறுப்பில் இருந்தன. அச்சபையைச் சேர்ந்த மனுவேல் ஆல்வரெஸ் எழுதிய இலத்தீன் இலக்கணம் 1572இல் லிஸ்பனில் அச்சாகி, உலகெங்கும் இருந்த இயேசு சபைக் கல்லூரிகளில் பல தலைமுறைகளுக்குப் பாடநூலாக நின்றது. அதே ஆண்டில், அதே நகரில், கமோயின்ஷ் என்னும் பெருங்கவிஞர் வாஸ்கோ ட காமாவின் பயணத்தைப் பொருளாகக் கொண்டு இயற்றிய 'லூசியாதுகள்' என்னும் காப்பியமும் அச்சேறியது. மாணவர்கள் வகுப்பில் மனப்பாடம் செய்தது ஆல்வரெஸை. கமோயின்ஷைப் படித்தது வகுப்புக்கு வெளியே, தம் விருப்பத்தால்.

இந்த முறையை வெளிப்படையாகத் தாக்கிய முதல் பெருங்குரல் லூயிஸ் அந்தோனியோ வெர்னியுடையது. இத்தாலியில் வாழ்ந்த அவர் 1746இல் கடித வடிவில் வெளியிட்ட 'கற்பதற்கான உண்மை நெறி' என்னும் நூலில், மாணவன் முதலில் தாய்மொழியின் இலக்கணத்தைக் கற்ற பின்னரே இலத்தீனுக்குச் செல்ல வேண்டும் என்று வாதிட்டார். 1759இல் இயேசு சபையாரை நாட்டிலிருந்து வெளியேற்றிய முதலமைச்சர் பொம்பால் இக்கருத்தைச் சட்டமாக்கினார். 1770 செப்டம்பர் 30 அன்று வெளியான அரசாணை, இலத்தீன் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம்மிடம் சேரும் மாணவருக்கு முதல் ஆறு மாதங்கள் போர்த்துகீசிய இலக்கணம் கற்பிக்க வேண்டும் என்றும், அதற்கு ரெய்ஸ் லொபாத்தோவின் நூலைப் பயன்படுத்த வேண்டும் என்றும் விதித்தது. இந்த ஆணையைத் தாய்மொழிக் கல்வியின் வெற்றியாக மட்டும் கொண்டாடுவது பொருந்தாது. இதே பொம்பாலின் ஆட்சியில், 1757இல், பிரேசிலின் தொல்குடி மக்களிடையே அவர்களுடைய மொழிகளையும், பல குடியினருக்குப் பொதுவாக வழங்கிய 'லிங்குவா ஜெரால்' என்னும் தூப்பி வழிப் பொதுமொழியையும் விலக்கிப் போர்த்துகீசியத்தைத் திணிக்கும் ஒழுங்குவிதிகள் பிறப்பிக்கப்பட்டன. ஓரிடத்தில் இலத்தீனின் மேலாட்சியிலிருந்து ஒரு மொழியை விடுவித்த கை, மற்றோரிடத்தில் அதே மொழியைக் கொண்டு பிற மொழிகளை அடக்கியது. இரண்டையும் சேர்த்து எழுதாத வரலாறு முழுமையானதன்று.

1772இல் பொம்பால் கொயிம்ப்ரா பல்கலைக்கழகத்தையே புதிய விதிகளின் கீழ்க் கொண்டு வந்து, கணிதத்துக்கும் இயற்கை அறிவியலை உள்ளடக்கிய தத்துவத்துக்கும் புதிய புலங்களை அமைத்தார். இறையியல், திருச்சபைச் சட்டம், குடிமைச் சட்டம், மருத்துவம் ஆகியவை தொடர்ந்தன. மொழிக்கும் இலக்கியத்துக்கும் அப்போதும் புலம் அமையவில்லை. பிரேசிலிலோ பல்கலைக்கழகமே இல்லை; ஸ்பெயின் தன் அமெரிக்க நாடுகளில் 1551 முதலே பல்கலைக்கழகங்களை நிறுவியிருக்க, போர்த்துகல் தன் குடியேற்றத்தின் மாணவரைக் கடல் கடந்து கொயிம்ப்ராவுக்கே வரச் செய்தது.

சொல்லகராதித் துறையிலும் இதே நிலைதான். இலண்டனில் பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்து, போர்த்துகலுக்கு வந்த துறவியான ரஃபாயேல் புளூட்டோ 1712 முதல் 1728 வரை பல தொகுதிகளாகப் போர்த்துகீசிய–இலத்தீன் பேரகராதியை வெளியிட்டார். ரியோ த ஜனேரோவில் பிறந்து, கொயிம்ப்ராவில் சட்டம் பயிலும்போது மதக்குற்ற விசாரணை மன்றத்தின் கண்ணில் பட்டு இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்ற மொரைஸ் சில்வா, புளூட்டோவின் அகராதியைச் சுருக்கித் திருத்தி 1789இல் வெளியிட்ட நூல், போர்த்துகீசியச் சொற்களுக்குப் போர்த்துகீசியத்திலேயே பொருள் கூறும் அகராதி மரபைத் தொடங்கி வைத்தது. ஆக, இம்மொழியின் இரு முதன்மை அகராதிகளும் முறையே அயல்நாட்டில் பிறந்த ஒருவராலும் நாட்டை விட்டு ஓட நேர்ந்த ஒருவராலும் ஆக்கப்பட்டவை. 1779இல் நிறுவப்பட்ட லிஸ்பன் அறிவியல் கழகம் அரசின் ஆதரவோடு பெருந்திட்டமாகத் தொடங்கிய அகராதியோ 1793இல் முதல் எழுத்தான 'அ' தொகுதியோடு நின்றது. 1976இல் மீண்டும் ஒரு முயற்சி நடந்து, அதுவும் முதல் எழுத்துத் தொகுதியைத் தாண்டவில்லை. மலாகா கஸ்தலெய்ரோவின் மேற்பார்வையில் கழகத்தின் அகராதி முழுமை பெற்றது 2001இல்.

உயர்கல்வியில் மொழிக்கும் இலக்கியத்துக்கும் முதல் இடம் தந்தவர் இளம் மன்னர் ஐந்தாம் பெத்ரு. தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அவர் 1850களின் இறுதியில் லிஸ்பனில் நிறுவிய 'உயர்நிலை இலக்கியக் கல்வி நிலையம்' பல்கலைக்கழகத்துக்குரிய தகுதி பெறவில்லை. அறிவியல் கழகத்தின் கட்டடத்தில், ஐந்து பேராசிரியர் இருக்கைகளுடன் அது தொடங்கியது. 'இருக்கை' என்பது ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கென நிலையாக அமைக்கப்படும் பேராசிரியர் பதவி. அங்கு 1872இல் இலக்கிய இருக்கைக்கு வந்த தியோஃபிலோ பிராகா பிற்காலத்தில் குடியரசின் தலைவராகவும் விளங்கினார். 1878இல் ஒப்பீட்டு மொழிநூல் கற்பிக்க வந்த அடோல்ஃபோ கொயேல்யோவின் கதை இன்னும் கருதத்தக்கது. கொயிம்ப்ராவில் கணிதம் படிக்கச் சேர்ந்து, அக்கல்வியில் நிறைவு காணாமல் வெளியேறி, ஜெர்மன் மொழியைத் தாமே கற்று, அங்கு வளர்ந்திருந்த மொழி ஆராய்ச்சி நூல்களைப் படித்து, இருபத்தொரு வயதில், 1868இல், 'போர்த்துகீசிய மொழி' என்னும் நூலை எழுதியவர் அவர். அந்நாட்டில் அறிவியல் முறையில் எழுந்த முதல் மொழியாராய்ச்சி அதுவே. 1880 முதல் அவர் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகிய நிலப்பகுதிகளில் போர்த்துகீசியம் பிற மொழிகளோடு கலந்து பிறந்த கிரியோல் மொழிகளைப் பற்றிக் கட்டுரைகள் வெளியிட்டார். கிரியோல் என்பது வணிகத்தாலும் அடிமை முறையாலும் ஒன்றுகூடிய மக்களிடையே தோன்றித் தலைமுறைகளின் தாய்மொழியாகிவிட்ட கலப்புமொழி. 'சிதைந்த பேச்சு' என்று அதுவரை ஒதுக்கப்பட்ட இவற்றுக்கும் ஒழுங்கான இலக்கணம் உண்டு என்று காட்டியது, அக்காலத்தில் துணிவான செயல்.

இதே வழியில் இன்னும் ஆழமாகச் சென்றவர் கோவாவில் 1855இல் பிறந்த செபாஸ்தியாவ் ரொடோல்ஃபோ தல்காது. திருச்சபைப் பணியின்பொருட்டு இலங்கையிலும் இந்தியாவின் பல பகுதிகளிலும் வாழ்ந்த அவர், 1900இல் இலங்கையின் போர்த்துகீசியக் கிரியோலைப் பற்றி விரிவான நூல் வெளியிட்டார். மட்டக்களப்பிலும் பிற ஊர்களிலும் பறங்கியர் என்று அழைக்கப்படும் சமூகத்தாரின் வீட்டுமொழியாக வழங்கியது இக்கிரியோலே. தமிழோடும் சிங்களத்தோடும் நெருங்கி வாழ்ந்து அவற்றின் தொடரமைப்பைப் பெருமளவு ஏற்றுக்கொண்டது அது. 1907 முதல் லிஸ்பனில் சமற்கிருதம் கற்பித்த தல்காது, 1913இல், தமிழ் உள்ளிட்ட ஏறத்தாழ ஐம்பது ஆசிய மொழிகளில் கலந்துள்ள போர்த்துகீசியச் சொற்களைத் திரட்டினார். பின்னர், 1919 முதல் 1921 வரை, ஆசிய மொழிகளிலிருந்து போர்த்துகீசியத்துக்குச் சென்ற சொற்களுக்குத் தனிப் பேரகராதி அமைத்தார். ஆளப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆண்டவரின் மொழியை அவர்களைவிட அகன்ற எல்லையில் வைத்து ஆராய்ந்து, கொடுத்தது மட்டுமன்றிப் பெற்றதும் பெரிது என்று நிறுவிய இப்பணிக்குத் தமிழ் வாசகர் தனிநன்றி பாராட்டலாம்.

இத்தனை முயற்சிகளுக்கும் இணையாக, ஒருவேளை இவற்றைவிட வலிமையாக, போர்த்துகீசியத்தை உயர்கல்விப் பொருளாக்கியவை சில பழஞ்சுவடிகள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மிஞ்ஞு ஆற்றின் வடக்கே கலீசியாவிலும் தெற்கே போர்த்துகலிலும் ஒரே மொழி வழங்கிற்று. ஆய்வாளர் அதனைக் கலீசிய–போர்த்துகீசியம் என்பர். அம்மொழியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புலவர் பாடிய, ஏறத்தாழ 1,680 பாடல்கள் மூன்று தொகைகளில் எஞ்சியுள்ளன. ஆண்மகன் தன் காதலைத் தானே கூறுவது ஒரு வகை; ஆடவர் இயற்றினும் பெண்ணின் கூற்றாக, அவள் தாயிடமும் தோழியிடமும் கடல் அலைகளிடமும் பேசுவதாக அமைவது இரண்டாம் வகை; பெயர் சுட்டியும் சுட்டாமலும் பிறரை எள்ளி வசைபாடுவது மூன்றாம் வகை. அகத்திணையின் தலைவி கூற்றைப் பயின்றவருக்கு இரண்டாம் வகைப் பாடல்கள் மிக எளிதில் நெஞ்சில் புகும். இரு மரபுகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லாத நிலையில் இவ்வொப்புமை எண்ணி மகிழத்தக்கது.

இப்பாடல்கள் பதினைந்தாம் நூற்றாண்டுக்குப் பின் போர்த்துகலில் மறக்கப்பட்டன. அவற்றின் பெரும்பகுதி பிழைத்தது இத்தாலியில்: போப்பாண்டவரின் அரண்மனையைச் சேர்ந்த ஆஞ்செலோ கொலோச்சி என்னும் அறிஞர் 1525ஆம் ஆண்டையொட்டி உரோமையில் எழுதுவித்த இரு படிகளே அப்பாடல்களைக் காத்தன. அவற்றுள் ஒன்று வத்திக்கான் நூலகத்திலும், மற்றொன்று பிராங்குத்தி என்னும் பிரபுவின் குடும்ப நூலகத்திலும் கிடந்தன. மூன்றாம் தொகை மட்டும் லிஸ்பனில் எஞ்சியது. இன்று அஜூதா அரண்மனை நூலகத்தில் உள்ள அச்சுவடி, இசைக்குறிப்பு எழுத விட்ட இடங்கள் நிரப்பப்படாமலும் ஓவியங்கள் முற்றுப்பெறாமலும் பாதியில் நின்ற நிலையில் இருக்கிறது. அதனை 1823இல் முதன்முதலாக அச்சிட்டவர் பாரிசில் இருந்த பிரிட்டிஷ் தூதர். இப்பாடல்களைப் பற்றி 1863இல் நூல் எழுதியவர், இலத்தீனிலிருந்து பிறந்த ரொமான்ஸ் மொழிகளின் ஒப்பிலக்கணத்தை உருவாக்கிய பான் நகரப் பேராசிரியர் ஃப்ரீட்ரிக் டீஸ். வத்திக்கான் சுவடியை 1875இல் பதிப்பித்தவர் இத்தாலியரான மொனாச்சி. நூல் அச்சானது ஜெர்மனியின் ஹாலே நகரில். தினிஷ் மன்னரின் பாடல்களைத் தனியே தொகுத்து 1894இல் பதிப்பித்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லாங். பிராங்குத்தி சுவடியைப் போர்த்துகீசிய அரசு விலை கொடுத்து வாங்கியது 1924இல். 1990இல் லிஸ்பனின் தொர்ரெ து தொம்பு ஆவணக் காப்பகத்தில், பழைய ஆவணக் கட்டு ஒன்றின் மேலுறையாகப் பயன்பட்டிருந்த தோல் தாளில் தினிஷ் மன்னரின் ஏழு பாடல்களை இசைக்குறிப்போடு கண்டெடுத்தவரும் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வாளரே.

அயலாரின் இப்பணிகள் அனைத்துக்கும் சிகரமாக நிற்பது கரோலினா மிக்கேலிஸ் என்னும் அம்மையாரின் பதிப்பு. 1851இல் பெர்லினில் பிறந்த அவருக்குப் பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு இல்லை, ஏனெனில் அக்காலத்தில் அங்குப் பெண்கள் மாணவராகச் சேர இயலாது. வீட்டிலிருந்தே ரொமான்ஸ் மொழிகளையும் அரபியையும் பயின்று, பதினாறு வயது முதலே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்ட அவர், 1876இல் போர்த்துகீசியக் கலை வரலாற்றறிஞர் ஜுவாக்கிம் த வாஸ்கொன்செலோஸை மணந்து போர்த்து நகரில் குடியேறினார். அஜூதா சுவடியின் 310 பாடல்களுக்கு அவர் உருவாக்கிய செம்பதிப்பு 1904இல் ஹாலேயில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. செம்பதிப்பு என்பது கிடைக்கும் படிகளை ஒப்பிட்டு, பாடவேறுபாடுகளைக் குறித்து, எழுத்துப் பிழைகளைக் காரணம் காட்டித் திருத்தி, மூலத்துக்கு இயன்றவரை நெருங்கிய வடிவத்தை நிறுவுவதாகும். முதல் தொகுதி பாடல்களையும், இரண்டாம் தொகுதி புலவர்களின் வரலாறு, சுவடிகளின் உறவு, காலம் ஆகியவற்றைப் பற்றிய ஆராய்ச்சியையும் கொண்டுள்ளது. சொல்லடைவு 1920இல் தனியே வந்தது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் பயனான அந்நூல், போர்த்துகீசியத்தை இலத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் இணையாக வைத்து ஆராய முடியும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவிற்று.

கரோலினாவின் சமகாலத்தவரான லெயித்தெ த வாஸ்கொன்செலோஸ் பழஞ்சுவடிகளோடு வாழும் பேச்சையும் ஆய்வுக்குள் கொண்டு வந்தார். போர்த்து நகரில் மருத்துவ மாணவராக இருந்தபோது, உடன் பயின்ற ஒருவர் வழியாக, நாட்டின் வடகிழக்கு மூலையில் மிராந்தா பகுதியில் வழங்கும் மிராந்தேசு மொழியை அறிந்து 1882இல் அதைப் பற்றி எழுதினார். போர்த்துகலுக்குள் போர்த்துகீசியம் அல்லாத மற்றொரு ரொமான்ஸ் மொழியும் உண்டு என்று கல்வியுலகம் அறிந்தது அப்போதுதான். மருத்துவத் தொழிலை விரைவில் விட்ட அவர், 1887இல் 'ரெவிஸ்தா லுசிதானா' என்னும் ஆய்விதழைத் தொடங்கி, 1901இல் பாரிசில் போர்த்துகீசிய வட்டார வழக்குகளைப் பற்றிய ஆய்வேட்டுக்கு முனைவர் பட்டம் பெற்றார். 1903 முதல் லிஸ்பன் தேசிய நூலகத்தில் அவர் நடத்திய மொழிநூல் வகுப்புகள் 1911இல் நூலாக வந்தன. மொழிநூல் என்பது இங்கு, பழைய பனுவல்களை வரி வரியாகப் படித்து, எழுத்து, ஒலி, சொல், தொடர் ஆகியவற்றின் வரலாற்றை அவற்றிலிருந்தே வருவிக்கும் துறை. ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டியதை ஒரு நூலகத்தின் அறை செய்து வந்தது.

1910 அக்டோபரில் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தது. 1911இல் புதிய அரசு லிஸ்பனிலும் போர்த்துவிலும் பல்கலைக்கழகங்களை நிறுவி, லிஸ்பனின் பழைய இலக்கியக் கல்வி நிலையத்தை இலக்கியப் புலமாக உயர்த்தியது; கொயிம்ப்ராவில் இறையியல் புலம் நீக்கப்பட்டு அதன் இடத்தில் இலக்கியப் புலம் அமைந்தது. கரோலினா மிக்கேலிஸ் பேராசிரியராக அமர்த்தப்பட்டு, கொயிம்ப்ராவில் கற்பித்து, அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பேராசிரியர் ஆனார். மாணவராகச் சேரவே இடம் கிடைக்காத ஒருவர் அறுபதாம் வயதில் பேராசிரியராக நுழைந்த அந்நிகழ்வு போர்த்துகீசியக் கல்வி வரலாற்றின் உயர்ந்த தருணங்களுள் ஒன்று. அதே ஆண்டில் எழுத்துச் சீர்திருத்தமும் நடந்தது. கரோலினாவும் லெயித்தெயும் கொயேல்யோவும் இடம்பெற்ற குழு, கிரேக்க வழிச் சொற்களில் ஒலிக்கப்படாமல் நின்ற பழைய எழுத்துகளையும் இரட்டித்த மெய்களையும் நீக்கியது. பிரேசிலைக் கலந்து பேசாமல் செய்யப்பட்டதால் அச்சீர்திருத்தம் இரு நாடுகளின் எழுத்துமுறையையும் பிரித்துவிட்டது. அப்பிளவை ஒட்ட 1931, 1945, 1990 என அடுத்தடுத்து ஒப்பந்தங்கள் தேவைப்பட்டன.

புதிய புலங்களில் உயர்நிலை மாணவர் எதைக் கற்றனர் என்பதற்கு ஓர் இலக்கணச் சிக்கலே நல்ல சான்று. தமிழில் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம், 'நான் வர', 'நீ வர', 'அவர்கள் வர' என எவ்விடத்தும் மாறாமல் நிற்கும். ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும் இதற்கு இணையான எச்சமும் அவ்வாறே. போர்த்துகீசியத்திலோ அது இடமும் எண்ணும் காட்டும் விகுதிகளை ஏற்கும்: 'புறப்பட' என்பதற்குரிய 'பர்த்திர்', 'நாம் புறப்பட' எனும்போது 'பர்த்திர்மோஸ்' ஆகும். இவ்வடிவம் எங்கிருந்து வந்தது? எச்சத்தோடு விகுதிகள் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டன என்பது ஒரு கட்சி. வழக்கிழந்த இலத்தீன் வினைவடிவம் ஒன்று எஞ்சி நிற்பதே இது என்பது மற்றொரு கட்சி. கரோலினாவும் லெயித்தெயும் இதில் கருத்துரைத்தனர். ஜுசே மரியா ரொத்ரீகஸ் 1914இல் இலத்தீன் வழிக் கொள்கையை விரிவாக வாதிட்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஆவணங்கள், பாடல்கள், கலீசிய வழக்கு, இலத்தீன் தொடரியல் ஆகிய அனைத்தையும் அறிந்தாலன்றி இவ்வினாவில் ஒரு பக்கம் சாய முடியாது. பேசக் கற்பதற்கும் உயர்நிலையில் பயில்வதற்கும் உள்ள வேறுபாடு இத்தகைய வினாக்களில்தான் வெளிப்படுகிறது.

நாட்டுக்கு வெளியே இக்கல்வி பரவியதைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். 1919இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் கமோயின்ஷ் பெயரால் ஓர் இருக்கை அமைந்தது; அதில் 1947 முதல், இடையில் சிறு இடைவெளியோடு, 1967 வரை அமர்ந்திருந்த சார்லஸ் பாக்ஸர் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத முன்னாள் படை அலுவலர்; போர்த்துகீசிய, டச்சு ஆவணங்களைத் தாமே பயின்று கடற்பேரரசுகளின் வரலாற்றை எழுதியவர். 1925இல் கொயிம்ப்ரா அயல்நாட்டு மாணவருக்கான விடுமுறைக் கால வகுப்பைத் தொடங்கியது. பிரேசிலில் 1934இல் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகம் தோன்ற, அங்கும் ரியோவிலும் மொழித்துறைகள் வலுப்பெற்றன. 1938இல் ரியோவில் பொது மொழியியல் கற்பித்த மத்தோசு கமாரா பிரேசிலில் மொழியியலின் முன்னோடியாக மதிக்கப்படுகிறார்.

போர்த்துகலில் சலசாரின் வல்லாட்சியும் அதற்கு முந்திய இராணுவ ஆட்சியும் இக்கல்விக்குச் செய்த தீங்கு பெரிது. 1919இல் தோன்றிய போர்த்துவின் இலக்கியப் புலத்தை மூடும் ஆணை 1928இலேயே வந்துவிட்டது. அது மீண்டும் திறந்தது 1961இல். மானுவேல் ரொத்ரீகஸ் லாப்பா என்னும் சிறந்த மொழிநூலறிஞர் 1935இல் அரசியல் காரணத்தால் லிஸ்பன் பல்கலைக்கழகப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். பழந்தொகைகளின் வசைப்பாடல்கள் அனைத்தையும் ஒன்றுதிரட்டிய அவருடைய பதிப்பு 1965இல் வெளிவந்தது ஸ்பெயினுக்குட்பட்ட கலீசியாவின் வீகோ நகரில். ஆபாசம் கருதிப் பலர் தொடத் தயங்கிய அப்பாடல்களைச் சொல் விடாமல் பதிப்பித்த அவரது நேர்மை, தணிக்கை நிலவிய நாட்டில் ஓர் அரசியல் செயலாகவும் அமைந்தது. கவிஞரும் பொறியாளருமான ஜோர்ஜெ த சேனா 1959இல் நாட்டை நீங்கி, பிரேசிலிலும் பின்னர் அமெரிக்காவிலும் போர்த்துகீசிய இலக்கியப் பேராசிரியரானார். நாட்டுக்குள்ளேயே இருந்து, 1962இன் மாணவர் கிளர்ச்சியில் மாணவர் பக்கம் நின்றவர் லிண்ட்லி சிந்த்ரா. அவரும் பிரேசிலின் செல்சோ கூஞ்ஞாவும் இணைந்து எழுதி 1984இல் வெளியிட்ட இலக்கணம், லிஸ்பன் வழக்கையும் பிரேசில் வழக்கையும் ஒன்றுக்கொன்று தாழ்வில்லாத நெறிகளாக அருகருகே வைத்து விளக்கியது. எழுத்துமுறை ஒப்பந்தங்கள் எட்ட முடியாத ஒற்றுமையை அந்நூல் எட்டியது என்று கூறலாம்.

ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் உயர்கல்வி 1960களின் தொடக்கம் வரை இல்லை. அங்கோலாவின், மொசாம்பிக்கின் மாணவர் லிஸ்பனுக்கே வர வேண்டியிருந்தது. லிஸ்பன் இலக்கியப் புலத்தில் பயின்ற அங்கோலரான மாரியோ பிந்து த அந்த்ராதெ, சாவ் தொமேயின் டென்ரெய்ரோவுடன் சேர்ந்து 1953இல் போர்த்துகீசியத்தில் எழுதிய கறுப்பினக் கவிஞர்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். அப்புலத்தின் பாடத்திட்டத்தில் இத்தகைய இலக்கியம் இடம்பெற, வல்லாட்சியை வீழ்த்திய 1974ஆம் ஆண்டின் புரட்சி வரை காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரே மானுவேல் ஃபெரெய்ராவின் முயற்சியால் ஆப்பிரிக்க இலக்கியம் லிஸ்பனில் பாடமாயிற்று. கோவாவில் 1854 முதல் லிசேயு என்னும் உயர்பள்ளி இருந்தும், போர்த்துகீசிய ஆட்சி முடியும்வரை பல்கலைக்கழகம் ஏற்படவில்லை. 1985இல் நிறுவப்பட்ட கோவா பல்கலைக்கழகமே அங்குப் போர்த்துகீசியத்தை முதுகலை வரை கொண்டு சென்றது. ஆட்சி நீங்கிய பிறகு, கட்டாயம் அகன்ற நிலையில், பழைய ஆவணங்களைப் படிக்கவும் தம் முன்னோரின் எழுத்துகளை அறியவும் விரும்பி வருவோருக்கு உரிய கல்வியாக அது அங்கு உள்ளது.

இன்று இக்கல்வியின் மிகக் கூர்மையான வினா மொசாம்பிக்கிலிருந்து எழுகிறது. அந்நாட்டில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி பாந்து மொழிகளுள் ஒன்று. போர்த்துகீசியம் பள்ளியில் கற்கும் ஆட்சிமொழி. மபூத்தோவின் எதுவார்து மொந்த்லானெ பல்கலைக்கழகத்து மொழியியலாளர் பெர்பேதுவா கொன்சால்வெஸ் உள்ளிட்டோர் பல்லாண்டுகளாக ஆராய்ந்து காட்டியது போல, தமிழில் 'கு' உருபு தரும் பொருளை உணர்த்தும் முன்னிடைச் சொல்லை அங்குள்ளோர் விட்டுவிடுவதும், 'எனக்கு ஒரு நூல் தரப்பட்டது' என்னும் பொருளில் 'நான்' என்பதையே எழுவாயாக வைத்துச் செயப்பாட்டுத் தொடர் அமைப்பதும் தனிமனிதரின் கவனக்குறைவு அல்ல. பாந்து மொழிகளின் தொடரமைப்பு போர்த்துகீசியத்துக்குள் ஒழுங்காகப் பதிந்து வருவதன் விளைவு. பள்ளிகளும் தேர்வுகளும் ஐரோப்பிய வழக்கையே அளவுகோலாகக் கொண்டிருக்க, நாளைய ஆசிரியர்களாகப் பயிற்சி பெறும் மாணவர்களே இப்புதிய தொடர்களை இயல்பாகப் பேசுகின்றனர். அவற்றைப் பிழையென்று விடைத்தாளில் சுழிப்பதா, மொசாம்பிக் நாட்டுப் போர்த்துகீசியத்தின் இலக்கணமாக ஏற்று எழுதுவதா என்பதற்கு லிஸ்பனின் இலக்கணமோ ரியோவின் இலக்கணமோ விடை தராது. அதற்கான தரவுகளைத் திரட்டும் பணியை மபூத்தோவின் ஆய்வாளர்களே மேற்கொண்டுள்ளனர்.